அப்பா கருப்படிச்சா கௌரவம், மகள் நிறம் மாத்தினா குற்றமா?

ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து மாசக்கணக்காச்சு. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். பாதிக் கோபம் எங்க ஊர்த் தமிழ் அன்பர்கள் மேல. மீதிப் பாதி என் மேல.

2025 பொங்கலுக்கு மறுநாள், அகமதாபாத் மணிநகர்ல பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்ல கூடினோம். என் மகளும் வந்திருந்தா. புனேயில ஹாஸ்டல்ல இருந்து படிக்கிறா, ரெண்டாம் வருஷம். இடுப்பு வரைக்கும் இருந்த முடி இப்போ காதுக்குக் கீழ ரெண்டு விரல் அளவு.

பந்தியில பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவர் ஆரம்பிச்சார். "என்ன தம்பி, பாப்பா முடிக்குக் கலர் பண்ணி எல்லாம் பிஞ்சு போச்சாமே? பொம்பளப் புள்ளைய வெளியூர்ல விட்டா இப்படித்தான். கண்டிச்சு வளர்க்கணும்."

சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. பெரியவருக்கு வயசு எழுபது. அவர் தலையோ காக்கா கருப்புல பளபளன்னு இருந்துச்சு :-)

அன்னிக்கு வாயை மூடிட்டு ரசஞ்சோறு சாப்பிட்டு வந்துட்டேன். இன்னிக்கு மூடப் போறதில்லை.

பெரியவர் சொன்ன மருந்தைத்தான் நான் கொடுத்தேன் சாமி. கண்டிச்சேன். 2024 கோடை லீவுல, "அப்பா, முடி நுனியில மட்டும் கொஞ்சம் பிரவுன் பண்ணிக்கட்டுமா"ன்னு கேட்டா. தட்டுல இருந்து தலையைத் தூக்காமலே "இந்த வீட்ல இருந்துட்டு அந்தக் கூத்தெல்லாம் நடக்காது"ன்னேன். அவ ஒரு வார்த்தை பேசலை. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன்.

ஆகஸ்ட்ல ஹாஸ்டல் பாத்ரூம்ல, ராத்திரி பதினோரு மணிக்கு, மொபைல்ல ஒரு நிமிஷ வீடியோவைப் பார்த்துட்டு, ஃபிரெண்டை வெச்சுக்கிட்டு பண்ணிக்கிட்டா. கடைக்காரர் "இந்தியன் முடி கருப்பு, ஸ்ட்ராங்கா போட்டாத்தான் ஏறும்"னு 12 சதவீத டெவலப்பரைக் கொடுத்திருக்கார். சீக்கிரம் ஆகட்டும்னு ஃபாயில் சுத்தி ஹேர் டிரையர் வேற. இது போதாதுன்னு, அதுக்கு ரெண்டு மாசம் முந்தி இளநரைன்னு அவங்கம்மா பாக்கெட் 'கருப்பு மருதாணி' போட்டு விட்டிருந்தாங்க. ஃபாயில் கையில தொட முடியாம சுட்டிருக்கு. கழுவும்போது பின்பக்கத்து முடி கொத்துக் கொத்தா கையோட வந்திருக்கு. தலைத்தோல்ல கொப்புளம்.

எங்களுக்குத் தெரிஞ்சது நாலு நாள் கழிச்சு. அதுவும் ரூம்மேட் போன் பண்ணித்தான். அந்த நாலு நாளும் புண்ணுல தேங்காய் எண்ணெயைத் தடவிட்டு துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு கிளாஸுக்குப் போயிருக்கா.

இதுல கொடுமை என்னன்னா, நான் வேலை பார்க்கிறது நரோல் பக்கம் ஒரு காட்டன் பிராசஸ் ஹவுஸ்ல. இருபத்திரண்டு வருஷமா நான் பண்றதே வெளுக்கிற வேலை. அதே ஹைட்ரஜன் பெராக்சைடு. பவானிக்காரன், சாயப்பட்டறைக்கு நடுவுல வளர்ந்தவன். "உங்ககிட்டக் கேட்டிருந்தா எல்லாம் சொல்லியிருப்பீங்கன்னு தெரியும்பா. ஆனா முதல்ல திட்டுவீங்களே"ன்னா ஆஸ்பத்திரியில. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நிற்க. இப்போ பெரியவர்களுக்கு ரெண்டு கேள்வி.

ஒண்ணு. மாசாமாசம் ஞாயித்துக்கிழமை காலையில பழைய பனியனைப் போட்டுக்கிட்டு, டூத் பிரஷ்ல மீசைக்கும் சேர்த்துக் கருப்படிக்கிறீங்களே, அது எந்தக் கலாச்சாரம்? அந்தக் கருப்புச் சாயத்துல பெரும்பாலும் இருக்கிறது பிபிடின்னு சொல்ற பாரா ஃபினைலீன் டையமின். அலர்ஜிக்குப் பேர்போன ரசாயனம். வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாதவங்களுக்குக்கூட திடீர்னு ஒருநாள் முகம் வீங்கி கண் மூடிக்கும். புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, பார்வையே போகலாம்னு டப்பாவுலயே எச்சரிக்கை இருக்கு. எத்தனை அப்பாக்கள் படிச்சிருக்கோம்? காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வெச்சு 48 மணி நேரம் பார்த்துட்டுப் போட்டவங்க யாராவது கை தூக்குங்க பார்ப்போம்.

ரெண்டு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பொண்ணுங்க முகத்துக்கு வீட்லயே ப்ளீச் போட்டு விடறோமே, அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் சேர்ந்து? அதுவும் பெராக்சைடுதான். கூடக் கலக்கிற அந்தச் சின்ன டப்பாத் தூளுல இருக்கிறது பெரும்பாலும் பெர்சல்ஃபேட். முடி வெளுக்கிற பவுடர்லயும் அதே சரக்குதான். கன்னத்துல போட்டா லட்சணம், கூந்தல்ல போட்டா சீரழிவா? முகத்தைச் சிவப்பாக் காட்டறதுக்குன்னா ரசாயனம் நமக்குப் பயமே இல்லை. பொண்ணு தன் இஷ்டத்துக்கு ஒண்ணு பண்ணிக்கிறேன்னா மட்டும் உடம்பு, ஆரோக்கியம், பண்பாடு எல்லாம் ஒரே நேரத்துல ஞாபகம் வந்துடும்.

நமக்கு ரசாயனம் பிரச்சினையே இல்லைங்க. யார் முடிவு பண்றாங்கங்கிறதுதான் பிரச்சினை.

"அப்போ எல்லாரும் போய் வெளுத்துக்கட்டும்னு சொல்றியா"ன்னு கேட்பீங்க. இல்லை. பண்ணாம இருக்கிறதுதான் முடிக்கு நல்லது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா பண்ணியே தீரணும்னு நினைக்கிற பதினெட்டு வயசுப் புள்ளை, நீங்க தடுத்தாலும் பண்ணும். தடுத்தா பாத்ரூம்ல பண்ணும். தடுக்காம சொல்லிக் கொடுத்தா பகல்ல, ஜன்னலைத் திறந்து வெச்சு, உங்க கண் முன்னாடி பண்ணும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

சரி, எங்க மில்லுல ஒரு பழக்கம். துணியில ஒரு துளி இரும்புத் துரு இருந்தாக்கூட பெராக்சைடு அந்த இடத்துல வெறி பிடிச்ச மாதிரி வேலை செஞ்சு, பின்னால குத்தின மாதிரி ஓட்டை போட்டுடும். அதனால வெளுக்கிறதுக்கு முன்னாடி துணியில உலோகம் இருக்கான்னு பார்ப்போம், வேகத்தை அடக்க ஸ்டெபிலைசர் போடுவோம், சூட்டையும் பி.எச். அளவையும் அளந்துக்கிட்டே இருப்போம். மீட்டர் கணக்குல விக்கிற துணிக்கு இத்தனை மரியாதை. என் மக தலைக்கு நான் அதுல கால்வாசி கொடுக்கலை.

முடியிலயும் இதே கதைதான். நம்ம முடிக்குக் கருப்பு கொடுக்கிறது மெலனின். காரம் முடியோட மேல் செதிலைத் திறக்கும், பெராக்சைடு உள்ளே போய் மெலனினை உடைக்கும். கருப்பு முதல்ல செம்பட்டை ஆகும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம்தான் மஞ்சள். ஒரே நாள்ல வெள்ளைக்காரி முடி வராது. வந்த மாதிரி காட்டற வீடியோவை நம்பாதீங்க. உடையறது மெலனின் மட்டும் இல்லை, முடிக்கு பலம் கொடுக்கிற கந்தகப் பிணைப்பும் சேர்ந்து உடையும். அது திரும்ப வராது, எந்த சீரம் தடவினாலும் மேல்பூச்சுதான். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும். இடுப்பு வரைக்கும் முடின்னா நுனிக்கு அஞ்சு வயசுக்கு மேல. அஞ்சு வருஷத்துச் சேமிப்பு அது, அரை மணி நேரத்துல போயிடும்.

இப்போ புள்ளைங்களுக்கு நீங்க சொல்ல வேண்டியது. என் மககிட்ட நான் சொல்லியிருக்க வேண்டியது.

யாருக்குக் கூடாது: பதினாறு வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம். தலையில புண், பொடுகுச் சிவப்பு, சொறிஞ்ச காயம் இருந்தா வேண்டாம். ஆஸ்துமா உள்ளவங்க பெர்சல்ஃபேட் பவுடரை மூச்சுல இழுக்கவே கூடாது. ரீபாண்டிங் பண்ணின முடியில போட்டா அறுந்து வரும். பாக்கெட் மருதாணி, கருப்பு மருதாணி போட்ட முடியில கைவைக்காதீங்க. அரைச்ச மருதாணி இலை வேற. பாக்கெட்ல சிலதுல உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டா சூடேறிப் பொங்கும். மிச்சம் இருந்த மகளோட முடியில ஒரு கொத்தை எங்க லேப்ல பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து போட்டுப் பார்த்தேன். நுரைச்சுக்கிட்டு வந்துச்சு, கண்ணாடி சுட்டுச்சு. அதைப் பார்த்துட்டு வெளியில வந்து ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தேன்.

எது கூடாது: பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு சாக்கடையில போடற ப்ளீச்சிங் பவுடரைத் தொடாதீங்க, அது குளோரின் சரக்கு. துணிக்குப் போடற ப்ளீச்சும் அதே. ஃபேக்டரி பெராக்சைடு 50 சதவீதம், தோல் வெந்துடும். முகத்துக்கான ப்ளீச் க்ரீம் தலைக்கு இல்லை. எலுமிச்சையைத் தடவி வெயில்ல உட்காரு, இயற்கை வழின்னு ஒரு கூட்டம் சொல்லும். எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளமும் கருந்தழும்பும் வரும். இயற்கைன்னா சாதுன்னு யார் சொன்னது?

எது பண்ணலாம்: டெவலப்பர் 6 சதவீதம், அதாவது பாட்டில்ல 20 வால்யூம்னு போட்டிருக்கிறது. அதுக்கு மேல வீட்ல வேண்டாம். 12 சதவீதம்தான் நம்ம முடிக்கு ஏத்ததுன்னு சொல்ற கடையில வாங்காதீங்க. கைமடிப்புல ஒரு சொட்டு வெச்சு 48 மணி நேரம் பாருங்க. சீப்புல வந்த முடியையோ, உள்பக்கத்துல இருந்து வெட்டின ஒரு கொத்தையோ பிளாஸ்டிக் கப்ல போட்டு முதல்ல சோதனை பண்ணுங்க. சூடானாலோ, இழுத்தா ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தாலோ அத்தோட நிறுத்திடுங்க. கலக்கறது பிளாஸ்டிக் கிண்ணத்துல, இரும்புக் கரண்டி ஆகாது. கையுறை கட்டாயம். ஜன்னலைத் திறங்க. தலைத்தோல்ல படாம நுனியில மட்டும் போடுங்க, முதல் தடவைக்கு அது போதும். டிரையர், வெயில், ஃபாயில் சூடு எதுவும் வேண்டாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பாருங்க. பாக்கெட்ல போட்ட நேரம்தான் கடைசி எல்லை. நிறம் வரலைன்னாலும் கழுவிடுங்க, அடுத்ததுக்குச் சில வாரம் கழிச்சுப் பார்த்துக்கலாம். மிச்சமான கலவையை மூடி வைக்காதீங்க, வாயு கட்டி டப்பா வெடிக்கும்.

எரிஞ்சா பொறுத்துக்காதீங்க. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது"ங்கிறது பொய். உடனே ஓடற தண்ணியில நிறைய நேரம் கழுவுங்க. எலுமிச்சை, தயிர், வினிகர், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். கண்ணுல பட்டா பதினஞ்சு நிமிஷம் விடாம கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட. முக்கியமா, வீட்டுக்கு ஒரு போன். அந்த போன் வரணும்னா, வந்தா திட்டு விழாதுங்கிற நம்பிக்கை புள்ளைக்கு முன்னாடியே இருந்திருக்கணும். அதைக் கடையில வாங்க முடியாது.

ஊரை விட்டு வந்த நமக்கு ஒரு வியாதி இருக்கு. இங்க நம்ம மொழி சுருங்குது, சாப்பாடு மாறுது, புள்ளைங்க குஜராத்தியிலயும் ஹிந்தியிலயும் சிரிக்குது. எதைப் பிடிச்சு நிறுத்தறதுன்னு தெரியாம பொண்ணுங்க கூந்தலைப் பிடிச்சுக்கிறோம். அந்த நீளமான கருப்புப் பின்னல்லதான் தமிழ்நாடே தொங்கிட்டிருக்கிற மாதிரி. அந்தப் பாரத்தை ஏன் அவ தலையில ஏத்தறோம்? பையன் முடியைச் செம்பட்டை பண்ணிட்டு வந்தா "வயசு அப்படி"ன்னு சிரிக்கிற அதே ஆளுங்கதானே நாம?

மகளுக்கு முடி நல்லாவே வளருது. புண் ஆறிடுச்சு, ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு இடம் மட்டும் இன்னும் நிரம்பலை. பொங்கல் லீவு முடிஞ்சு கிளம்பும்போது ஸ்டேஷன்ல கேட்டேன், "ஏன் கண்ணு, இன்னும் அந்த பிரவுன் ஆசை இருக்கா?" சிரிச்சா. "இருக்குப்பா. முடி தோள் வரைக்கும் வரட்டும். நுனியில மட்டும். நீங்கதான் கலக்கித் தரணும்."

கலக்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். 6 சதவீதம், பிளாஸ்டிக் கிண்ணம், பகல் நேரம். பெரியவர் விருப்பப்பட்டா அவரும் வரலாம், காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வெச்சு விடறேன் :-)

டிஸ்கி: நான் துணி வெளுக்கிறவன், தோல் டாக்டர் இல்லை. அலர்ஜியோ தோல் வியாதியோ இருக்கிறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் கடைக்குப் போங்க.