சாம்பல் உரமாகுமா?

சென்ற பங்குனியில் கோவையிலிருந்து பல்லடம் வழியாகத் தாராபுரம் போய்க்கொண்டிருந்தோம். சாலையோரத் தரிசு ஒன்று கருகிக் கிடந்தது. உடன்வந்த தமிழாசிரிய நண்பர் சொன்னார்: "தீ வைத்தால்தான் மழைக்குப் புல் தழைக்கும். சங்ககாலக் குறவர்களே புனத்தைச் சுட்டுத்தானே தினை விதைத்தார்கள்?"

தமிழ் படித்தோரிடம் நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. இதில் பாதி உண்மை. மறுபாதி நிலத்தைக் கெடுப்பது.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். புல்தீ விரைந்து கடந்துவிடும். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சூடு பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடும், வேர்த்தூர் பிழைத்துக்கொள்ளும். சாம்பலிலுள்ள சாம்பல்சத்தும் மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடனே கிடைப்பதால் முதல் மழைக்குப் பசுமை பொங்கும். ஒருமுறை எரிந்ததால் எந்த நிலமும் பாழாகிவிடாது.

ஆனால் அந்தப் பசுமை வட்டியன்று, முதலைச் செலவழித்து வந்தது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசிலேயே தழைச்சத்து வாயுவாகி வெளியேறத் தொடங்குகிறது; சூடு இன்னும் ஏறினால் கந்தகமும் வெளியேறும். எஞ்சும் சாம்பல் காரத்தன்மை உடையது. புளிப்பு மிகுந்த மலைமண்ணுக்கு அது நன்மை செய்யலாம். சுக்கான்கல் கலந்து ஏற்கெனவே களர்ப்பாங்கான கொங்குச் சமவெளி மண்ணுக்கு அதனால் என்ன பயன்? காரம் கூடினால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமற் போகும். அந்தச் சாம்பலாவது நிற்குமா என்றால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாதியை வாரிப்போகும். மீதியை மழை கழுவிச்செல்லும்.

ஆண்டுதோறும் எரிப்பதே பெருங்கேடு. மட்க வேண்டிய சருகு புகையாகிறது. அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் அம்மண்ணை வளங்குறைந்தது என்கின்றன மண் ஆய்வுக்கூடங்கள். கரிமம் குறையக் குறைய மண்ணின் பொலபொலப்பு போகிறது. மூடாத நிலத்தை மழைத்துளி அறைந்து இறுக்க, நீர் உள்ளிறங்காமல் மேல்மண்ணோடு ஓடிவிடுகிறது. 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் மலைச்சரிவில் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் நீர் சுமந்து வந்தது. தீயோடு செய்தியும் அணைந்தது. மண்ணின் துன்பமோ அதன்பின் வரும் மழையில்தான் தொடங்கும்.

சங்ககாலச் சான்றுக்கு வருவோம். குறவர் சுட்டனர், விதைத்தனர். வளம் குன்றியதும் அப்புனத்தை விட்டு வேறிடம் சென்றனர். அது மீண்டும் காடாகக் காலம் இருந்தது. நாம் சுட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டதை மறந்துவிட்டோம்.

நம் முன்னோர் தந்த விடை காங்கேயத்திலும் மூலனூரிலும் இன்றும் இருக்கிறது: கொறங்காடு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல், அதை மேயும் காங்கேயம் மாடு. தின்ற தழைச்சத்தின் பெரும்பகுதியை மாடு சாணமாகவும் கோமியமாகவும் அங்கேயே விட்டுச்செல்கிறது. அங்கே தீ வைத்தால் புல்லோடு வேலியும் இளங்கன்றுகளும் போகும்.

மாடிருந்தால் மேய விடுங்கள். இல்லையேல் புல்லை அறுத்து மூடாக்கு இடுங்கள். தமிழாசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வகுப்பில் தினைப்புனத்தைச் சொல்லும்போது, அது கைவிடப்பட்டுக் காடான ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.