டொக்டர் இல்லாட்டி ஒன்றுமே இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்தை மட்டும் போட்டது. இசட் புள்ளி எட்டவில்லை. பார்மசியையும் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "கடையில குளிசை எண்ணிக் குடுக்கவா படிக்க வெச்சேன்?" என்று வாப்பா சொன்னாராம். மூன்று தடவையும் எழுதி முடித்து, பிள்ளை இப்போது வீட்டில்.

பெற்றோரே, பார்மசி கடைவேலை அல்ல. பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு பல்கலைக்கழகங்களில் அது நான்கு வருடப் பட்டம். இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டிய தொழில். டொக்டர் எழுதிய துண்டில் பிழை இருந்தால் கடைசியாகப் பிடிக்க வேண்டியவரும் மருந்தாளர்தான்.

லயத்தில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை போடும் ஒரு பாட்டியிடம் எது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். நிறத்தைத்தான் சொல்வார். கம்பனி மாறி அதே மருந்து வேறு நிறத்தில் வந்தால் இரண்டையும் விழுங்குவார். அவருக்குத் தமிழில் விளங்கப்படுத்த நம் பிள்ளை வேண்டாமா?

கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள் என்று இந்த நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பியவர். லுணுகலை தாண்டினால் வரும் பிபிலைதான் அவர் பெயரிலும் இருக்கிறது. அது நமக்குத் தூரத்துக் கதையா?

மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். அந்தப் பட்டியலில் பதுளையும் உண்டு. கதவு திறந்துதான் இருக்கிறது. உயிரியல் வகுப்பில் பிள்ளையே இல்லாவிட்டால் யார் உள்ளே போவது?

ஆசிரியர்களாகிய நாங்களும் குற்றவாளிகள்தான். கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால் "டொக்டராகு" என்கிறோம். மற்றப் பிள்ளையைக் கலைப்பிரிவுக்குத் தள்ளிவிடுகிறோம். நடுவில் இருக்கும் பாதைகளைச் சொல்வதே இல்லை.

பிள்ளைகளே, இரசாயனவியலை மனப்பாடம் செய்யாமல் விளங்கிப் படியுங்கள். பார்மசியின் முதுகெலும்பு அதுதான். அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். ஆகவே பரீட்சை முடிந்த பிறகு வரும் மாதங்களை ஃபோனில் தொலைக்காமல், பாடச் சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுங்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது. முதலில் வாசியுங்கள். வேண்டாம் என்பதைப் பிறகு சொல்லலாம்.