முக்கால் பலம்

திருவானைக்காவலின் தலமரம் வெண்ணாவல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், நீர் ஊறும் கருவறையில் அப்புலிங்கமாக வீற்றிருக்கும் சம்புகேசுவரருக்குத் தன் பெயரையே தந்த மரம் அது. சிலந்தியும் யானையும் போட்டியிட்டுப் பூசித்ததும், அந்தச் சிலந்தி சோழ மன்னன் கோச்செங்கணானாகப் பிறந்ததும் அந்த மரத்தடிக் கதைகள்தாம். அம்மரத்தின் இனத்தைச் சேர்ந்த நாவற்பழத்தின் கொட்டையைக் காயவைத்துப் பொடித்து நீரிழிவுக்குக் கொடுப்பது சித்த மருத்துவத்தின் நெடுநாள் வழக்கம். இன்றும் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் ஆவாரம்பூவுக்கும் சிறுகுறிஞ்சானுக்கும் பக்கத்தில் நாவல் கொட்டைப் பொடி இருக்கும். ஆய்வுக்கூட விலங்குகளிடம் அது ஓரளவு வேலை செய்வதாகத் தெரிந்திருக்கிறது. அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது அறிவீனம். ஆனாலும் ஒன்று கவனத்துக்குரியது. ஒரு நோய்க்கு மருந்து இருந்ததென்றால் அந்த நோயும் இங்கே இருந்தது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பழைய மருத்துவ நூல்கள் கண்டு எழுதியிருக்கின்றன. உண்டு கொழுத்து, உடல் அசையாமல் இருப்போரை அது நாடுகிறது என்பதையும் அவை குறிக்கத் தவறவில்லை. இனிப்பின் ஆபத்து நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. இனிப்பு அவர்களில் மிகச் சிலருக்கே வாய்த்தது, அவ்வளவுதான்.

வாய்க்காமற் போனதற்கு வறுமை ஒரு காரணம். நாள்காட்டி இன்னொரு காரணம். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால், இறைவனின் அமுதுபடிக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை உழக்கு, சர்க்கரை இத்தனை பலம் என்று அளந்து எழுதியிருப்பதைக் காணலாம். தெய்வத்துக்கே அளவு இருந்தது. நிலம் எழுதிவைத்தவர் குறித்த அளவைத் தாண்டிப் படைக்க மடைப்பள்ளிக்கு உரிமை கிடையாது. அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் படைப்பதாக நேர்ந்துகொண்ட ஆண்டாளின் வேண்டுதலை, பின்னாளில் அரங்கத்தில் வாழ்ந்த இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. நூறு தடா என்பது பெருந்தொகைதான். ஆனால் அது ஒரு நேர்த்திக்கடன். அந்த இனிப்பைப் படைக்கும் கூடாரவல்லி ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பாவை நோன்பில் நெய்யும் பாலும் தவிர்த்து இருந்தவர்களுக்கு, நோன்பின் முடிவில் வரும் இனிப்பு அது. பசித்திருந்த நாட்கள் பின்னால் இருந்ததால்தான் அந்த ஒரு நாளுக்கு அத்தனை சுவை. நம் மூத்தோர் இனிப்பை வெறுத்தவர்கள் அல்லர். இரண்டு இனிப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை ஊரும் பருவமும் கோயிலும் சேர்ந்து காத்தன. யாரும் தனியே மனவலிமை கொள்ள வேண்டியிருக்கவில்லை.

கரும்பே இங்கு ஒரு கொடையாகத்தான் வந்திருக்கிறது. அதியமானின் முன்னோர் வேற்றுலகிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தனர் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் புகழ்கிறார். பெரும்பாணாற்றுப்படை கரும்பாலையின் ஓசையையும் புகையையும் கேட்டும் கண்டும் சொல்கிறது. அந்த ஆலைக்கும் இன்றைய ஆலைக்கும் நடுவே ஈராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. ஆனால் உண்மையான பாய்ச்சல் கடைசி நூறு ஆண்டுகளில் நடந்தது. அதிலும் தமிழ் மண்ணுக்குப் பங்குண்டு. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், தித்திக்கும் கரும்பை ஆற்றங்கரை நாணலோடு கலந்து பார்த்தார்கள். கொள்ளிடக் கரையில் யாரும் நடாமல் தானே வெள்ளைப் பூ விரித்து நிற்கும் அதே நாணல். 1918இல் வெளிவந்த கோ 205 வட இந்திய வயல்களை மாற்றியது. அதன் வழிவந்த ரகங்கள் உலகின் பல கரும்புக் கொல்லைகளில் கலந்துவிட்டன. 1932இல் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், சில ஆண்டுகளுக்குள் ஆலைகளின் எண்ணிக்கை பல மடங்கானது. நம் திருச்சி மாவட்டத்தில் பேட்டைவாய்த்தலையிலும் லால்குடி வட்டத்துக் காட்டூரிலும் புகைபோக்கிகள் எழுந்தன. அரசன் கொண்டுவந்த அரிய பொருள் மளிகைக் கடைச் சாக்குக்கு இறங்கியதை இழப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுக் குழந்தைக்கும் அது கிடைத்தது அல்லவா?

சாக்குக்கு வந்த சர்க்கரையை அன்றாடத்துக்குள் அழைத்து வந்தது காப்பி. இதே திருவானைக்காவலில் 1888இல் சி.வி. ராமன் பிறந்தபோது, அந்தப் பானம் தமிழ் நடுத்தர வீடுகளுக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் அது காலைப் பொழுதிலிருந்து தள்ளிவிட்டது. கள்ளுக்கு நிகரான கேடு என்றுகூட அன்றைய பத்திரிகைகளில் அதைத் திட்டி எழுதினார்கள்; ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ அந்த மனக்கலக்கத்தைச் சுவையாகப் பதிவு செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், திட்டியவர்கள் கவலைப்பட்டதெல்லாம் டிகாக்ஷனைப் பற்றி. அதனோடு டம்ளருக்குள் கரைந்து வந்த இரண்டு கரண்டிச் சர்க்கரை பெரிதாக யார் கண்ணையும் உறுத்தவில்லை. விசேஷ நாளின் பொருள் விடிகாலையின் பொருளானது அப்படித்தான், வாசலில் ஒருவரும் தடுக்காமல்.

இன்று அறிவியல் ஓர் எண்ணைத் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாம் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராமும் 25 கிராமும் ஆகிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் திருத்தி வெளியிட்ட இந்திய வழிகாட்டுதலும் அந்த 25 கிராமையே சொல்கிறது. முழுப் பழமும் பாலின் இயல்பான இனிப்பும் இந்தக் கணக்கில் சேரா. பாட்டனார் காலத்துப் பலம் 35 கிராம். ஆக நமக்கு விதித்திருப்பது முக்கால் பலத்துக்கும் ஒரு சிட்டிகை குறைவு. டம்ளருக்கு இரண்டு கரண்டி என்று நாளில் மூன்று காப்பி குடித்தால் அந்த முக்கால் பலம் மாலைக்குள் தீர்ந்துவிடும். பிறகு பிஸ்கட் இருக்கிறது, தக்காளிச் சாஸ் இருக்கிறது, 300 மில்லியில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்திருக்கும் குளிர்பானம் இருக்கிறது. சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறிவிட்டோம் என்று பெருமை பேசுவோர் பெருகியிருக்கிறார்கள். அவற்றில் சிறிது இரும்பும் தாதுக்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் பெரும்பகுதியும் அதே சர்க்கரைதான். இரத்தத்துக்கு நிறபேதம் தெரியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் தட்டில் குவியும் தீட்டிய வெள்ளரிசியும் குளுக்கோஸாகவே முடிகிறது. காப்பிக்குச் சர்க்கரையை விட்டுவிட்டு மூன்று வேளையும் அரிசியால் வயிற்றை நிரப்புகிறவர் கணக்கில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

1948இல் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கியபோது, அது வசதி படைத்தோரின் நோய் என்றே பலரும் எண்ணினர். 1970களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நகரங்களில் 2.1, கிராமங்களில் 1.5 விழுக்காட்டினரிடம் அதைக் கண்டது. அதே கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காடு என்கிறது. அளக்கும் முறைகள் மாறியிருந்தாலும் ஏற்றம் கண்கூடு. இந்த ஏற்றத்தின் வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு 2024இல் பிரிட்டனிலிருந்து ஒரு சான்று வந்தது. போர்க்காலம் தொட்டு அங்கே பங்கீட்டில் இருந்த சர்க்கரை 1953 செப்டம்பரில் கட்டவிழ்ந்தது. நாளொன்றுக்கு 40 கிராம் அளவில் இருந்த நுகர்வு விரைவிலேயே ஏறத்தாழ இரட்டித்தது. அந்தத் தேதிக்கு முன்பு கருவிலும் மழலையிலும் பங்கீட்டுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, முதுமையில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்ததாம். எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு தாயின் பங்கீட்டு அட்டை பிள்ளையின் நரைத்த காலத்தில் பலன் கொடுத்திருக்கிறது.

நம்மிடமும் பங்கீட்டு அட்டை உண்டு. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் தலைக்கு மாதம் அரை கிலோ சர்க்கரை. குடும்பத்துக்கு உச்சம் 2 கிலோ. 2017 நவம்பரில் விலை 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாய்க்கு உயர்ந்தபோது ஊரே முணுமுணுத்தது. அரை கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 17 கிராமுக்கும் குறைவு. யாரும் உடல்நலம் கருதி வகுக்காத அந்தப் பங்கு மருத்துவர் சொல்லும் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அரிசி வேண்டாம் என்று சர்க்கரை அட்டை வைத்திருப்பவருக்கு இன்னும் 3 கிலோ சேர்கிறது. நால்வர் உள்ள வீட்டில் அது தலைக்கு நாளொன்றுக்கு 40 கிராமைத் தாண்டும்.

ஸ்ரீரங்கம் கோயிலில் மடைப்பள்ளியோடு ஆரோக்கியசாலையும் இருந்தது. அழிந்துபோன அதை 1493இல் கருடவாகன பட்டர் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அமுது படைத்த இடமே மருந்தும் கொடுத்தது. அந்த இரண்டு வேலைகளும் இப்போது அரசின் கைக்கு வந்திருக்கின்றன. பொங்கலுக்குப் பச்சரிசியோடு ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு முழுக் கரும்பும் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியே நீரிழிவு மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. பொங்கல் சர்க்கரையில் எனக்குக் குறையில்லை, அது ஆண்டுக்கு ஒருமுறை. மாதந்தோறும் கூடுதலாகப் போகும் அந்த 3 கிலோவுக்கு மாற்றாகப் பயறோ கேழ்வரகோ கொடுக்கலாம் என்று எந்தக் கட்சியும் இதுவரை மேடையேறிச் சொல்லி நான் கேட்டதில்லை.