சோம்பலா, சோகையா?



நம் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் சொற்களில் ஒன்று 'சோம்பேறி'. காலைச் சபை கூடலில் தலைசுற்றி அமர்ந்துவிடும் பிள்ளை, உடற்கல்வி நேரத்தில் மரநிழலைத் தேடும் பிள்ளை, இரண்டாம் பாடவேளையிலேயே மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளை, இவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாகிவிடுகிறது. பெற்றோரை அழைத்துக் கேட்டால், "சரியாகவே சாப்பிடுவதில்லை, டீச்சர்" என்று தாயார் சொல்லி முடித்துவிடுகிறார். இவ்விரண்டு விளக்கங்களுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. பிள்ளை நன்றாகவே சாப்பிடலாம். சாப்பிட்டது உடலில் சேராமல் போகலாம். அதைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

இதனை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் சீலியாக் நோயோடு வாழ்பவள். பயிற்சிக் கல்லூரிக் காலந்தொட்டு எனக்கு இரத்தச் சோகை. இரும்புச் சத்து மாத்திரை உண்டால் இரத்த அளவு சற்றே ஏறும், நிறுத்தினால் இறங்கும். வாய்ப்புண், கால் தசைப்பிடிப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல் என்று பல ஆண்டுகள் ஓடின. "பெண்களுக்கு இது இயல்புதான்" என்றார்கள். பெண்களிடையே சோகை மிகுந்திருப்பது உண்மையே. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வு, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூவருக்குச் சோகை இருப்பதாகக் கண்டது. ஆனால் மிகுதியாக இருப்பது வேறு, இயல்பாக இருப்பது வேறு அல்லவா? இறுதியில் ஒரு மருத்துவர்தான், "மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே எனக்குப் பயன்பட்டது.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. சீலியாக் நோயாளி அதனை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றல் திசைமாறித் தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் விரல்விரலாக நீண்டிருக்கும் உறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடுகின்றன. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றன. நோய் முதலில் தாக்கும் இடமும் அதுவே. கொழுப்பு சரியாகச் சேராதபோது அதனோடு சேரவேண்டிய ஏ, டி, இ, கே வைட்டமின்களும் வீணாகின்றன. பி12 குறைவதும் உண்டு. ஆகவே வயிற்றுப்போக்கும் உப்பிய வயிறும் மட்டுமே இந்நோயின் அடையாளம் என்று எண்ணிவிடக்கூடாது. வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லாமல், சோகையாகவும் வளர்ச்சிக் குறைவாகவும் மட்டுமே இது தன்னைக் காட்டலாம்.

"இது வெள்ளைக்காரர்களின் நோய் ஆயிற்றே!" என்று முன்பு ஒரு மருந்தகத்தில் என்னிடம் கூறினார்கள். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. இந்தியாவில் 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல் காணப்பட்டது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான். ஆனால் நாம் வாழ்வது மலேசியாவில். இங்கே உடல்நலமுள்ள இளையோர் 562 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, 1.25 விழுக்காட்டினரிடம் அந்த எதிர்ப்பொருளைக் கண்டது. எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் உறுதி என்று பொருளன்று. எனினும், 'நம்மவர்க்கு வராது' என்று கதவை மூடிவிட இனி இடமில்லை.

வியப்பு என்னவென்றால், கோதுமை விளையாத நாடு இது. தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். அந்த வயல்களைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளையின் காலை உணவோ ரொட்டி சானாய். இடைவேளையில் மீ கோரெங், மாலையில் பிஸ்கட், இரவில் மேகி. நம் பாட்டன்மார் தோட்டத்து லயங்களில் உண்டது சோறும் கஞ்சியும். பேரப்பிள்ளைகள் மூன்று வேளையும் கோதுமை உண்கிறார்கள்.

பாட்டன்மார் உண்ட சோற்றைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. தமிழாசிரியர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நூறாண்டுகளுக்கு முன் மலாயாவை வாட்டிய கொடுநோய் பெரிபெரி. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் கால் வீங்கி, நடை தளர்ந்து இறந்துகொண்டிருந்தனர். தோட்டத்துத் தமிழர்களிடையே அந்நோய் அரிது. காரணம் என்ன? தொற்று என்றார்கள், தட்பவெப்பம் என்றார்கள். நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்னும் மருத்துவர், அவரவர் உண்ணும் அரிசியைக் கவனிக்கச் சொன்னார். 1905-இல் பிளெட்சர் என்னும் மருத்துவர், அன்றைய சிலாங்கூரின் தலைநகரான கோலாலம்பூரின் மனநோய் மருத்துவமனையில் இதனைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசி. மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் எவரும் மாளவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். இது பின்னாளில் தெரிந்தது. வைட்டமின் என்னும் சொல்லே 1912-இல்தான் பிறந்தது. நம் பாட்டிமார் அச்சொல்லை அறியாமலேயே தம் மக்களைக் காத்திருக்கிறார்கள்.

சீலியாக் நோயின் காரணமும் இதுபோல் உணவைப் பார்த்தே கண்டறியப்பட்டது. 1944-45 குளிர்காலத்தில், போரின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில்தான் இங்கே சப்பானியர் ஆட்சியில் நம் தோட்ட மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தனர். அங்கே ஊரே பட்டினி கிடக்க, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தார்கள். டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் கோதுமையின்மேல் முன்பே கொண்டிருந்த ஐயம் அதனால் வலுத்தது. 1950-இல் அதனைத் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

இந்நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே மருத்துவம். கேட்க எளிது! ரொட்டியையும் மீயையும் விட்டுவிடலாம். மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நாம் அன்போடு காய்ச்சிக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். ஆக, சாம்பாரும் ரசமும் ஐயத்துக்கு உரியவை. கிச்சாப்பில் கோதுமை, கோயில் கேசரியில் ரவை, நகெட்டின் மேற்பூச்சிலும் கோதுமை. உணவகத்தில் தோசை கேட்டால், ரொட்டி சானாய் போட்ட அதே கல்லில் ஊற்றித் தருகிறார்கள். இவற்றையெல்லாம் கேட்டு விசாரித்தால், "டீச்சருக்கு ரொம்பத்தான் பவுசு" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு.

"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" திருமண வீடுகளில் நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி இது. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் வலி தோன்றாவிட்டாலும் அந்த ஒரு வாய் குடலில் புண் செய்யும். பெரியவளாகிய நான் மறுத்துவிட்டு நகர முடியும். ஏழு வயதுப் பிள்ளையால் முடியுமா? விளையாட்டுப் போட்டியன்று மைலோ லோரி வந்து நிற்கும்போது எல்லாரும் வரிசையில் நிற்க, அப்பிள்ளை மட்டும் என்ன செய்யும்? ஆகவே மருத்துவர் ஒரு பிள்ளைக்குக் கோதுமை ஆகாது என்று எழுதித் தந்தால், ஈளைநோய்ப் பிள்ளையின் மருந்துக் குழலை எப்படி மதிக்கிறோமோ அப்படியே அக்கடிதத்தையும் பள்ளி மதிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பாசிரியருக்கும், துணை உணவுத் திட்டப் பொறுப்பாசிரியருக்கும், சிற்றுண்டிச்சாலை நடத்துபவருக்கும் அதன் படி ஒன்று போகவேண்டும். முகாம், பிறந்தநாள், ஒளிவிழா ஆகியவற்றுக்கு முன்பே தாயாரிடம் ஒரு சொல் கேட்டுவிடலாம்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பேரங்காடியில் குளூட்டனற்ற ரொட்டி விற்கும் விலையில் தோட்டக் குடும்பம் ஒரு வாரம் சமைத்துவிடும். அது நமக்குத் தேவையும் இல்லை. சோறு, இட்லி, கலப்பில்லாத மாவில் செய்த புட்டும் இடியப்பமும், கேழ்வரகுக் கூழ், மரவள்ளிக் கிழங்கு, பயறு, முட்டை, மீன், வேலியோரத்து முருங்கைக்கீரை ஆகிய அனைத்தும் இந்நோய்க்கு உகந்தவையே. (நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. செம்பனைப் பழத்தின் அந்தச் செந்நிறம் வைட்டமின் ஏ ஆகக்கூடிய சத்து. தெளிந்த சமையல் எண்ணெயாகச் சுத்திகரிக்கும்போது அதனைத்தான் நீக்கிவிடுகிறார்கள்!)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சோகையுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் சீலியாக் இருக்காது, பெரும்பாலோர்க்கு இருக்காது. இரும்புச் சத்துக் குறைவான உணவு, குடற்புழு, தலசீமியா மரபு என்று வேறு காரணங்கள் பல. சைவ உணவினருக்குப் பி12 குறைவதும் உண்டு. நான் கேட்பதெல்லாம், மாதக்கணக்கில் மருந்து உண்டும் பிள்ளை தேறாவிட்டால், அதே மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பாமல், "ஏன் சேரவில்லை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள் என்பதுதான். தொடக்கத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் குழாய் செலுத்திச் சிறுகுடலின் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள்.

அதற்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் தேறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பரிசோதனை முடியும்வரை பிள்ளை வழக்கம்போல் ரொட்டி சானாய் உண்ணட்டும்.

நோய் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும். அவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது. என் தங்கைக்குப் பார்த்தோம், இல்லை. என் மகனுக்கு வரும் பள்ளி விடுமுறையில் இரத்தம் எடுக்க இருக்கிறார்கள்.