சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதியா?

“சர்க்கரை வியாதி சீமான்களின் வியாதி, வியர்வை சிந்துகிறவனை அது அண்டாது.” இப்படி ஒரு கதையை வெகுகாலமாக நம் காதில் ஓதி வந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2017ல் அந்தக் கதையைப் பொய்யாக்கியது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் நகரப் பகுதிகளில் வசதி படைத்தவர்களைவிட வசதியற்றவர்களிடமே இந்த வியாதி அதிகம்! 2023ல் வெளியான கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி.

ஏழைக்கு ஏன் வருகிறது? தட்டைப் பாருங்கள், தோழர்களே. தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஷிப்ட் முடித்து வரும் பெண், நாகல்கேணித் தோல்ஷாப் தொழிலாளி, படப்பைப் பக்கம் நாற்று நடும் கூலிப்பெண் – மூவர் தட்டிலும் வெள்ளைச் சோறுதான் மலை. ருசிக்காகவா? இல்லை. வயிறு நிரம்ப வேறு எது மலிவு? ரேஷனில் அரிசி இலவசம்; அதில் ஒரு பிடி குறைக்கவும் நாம் விடமாட்டோம். ஆனால் 20 கிலோ அரிசி வாங்கும் குடும்பத்துக்குத் துவரம் பருப்பு ஒரே கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். சாம்பாரில் பருப்பைத் தேட விளக்கு வேண்டும்!

இந்த லட்சணத்தில் விளம்பரக்காரன் உபதேசிக்கிறான்: ஓட்ஸ் சாப்பிடு, பாதாம் சாப்பிடு, சர்க்கரையில்லாத பிஸ்கட் சாப்பிடு! சர்க்கரை இல்லாவிட்டால் என்ன, மைதா இருக்கிறதே? வயிற்றுக்குள் போன மைதா சர்க்கரையாகத்தான் மாறுகிறது.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகுக் கூழ் குடித்தால் வியாதி போய்விடும் என்பது தவறு. கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு. நைசாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். களியாகவோ அடையாகவோ அளவோடு, கீரையோடு தின்றால் ஏற்றம் குறையும். சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் முருங்கைக்கீரை, அவரை, கத்திரி, சுண்டல், முட்டை, மலிவாய்க் கிடைக்கும் மத்தி மீன் வைக்க வேண்டும். ஐந்து டீ குடிக்கிறவனுக்கு டீயிலேயே பத்து ஸ்பூன் சர்க்கரை, அதை விடலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது. மாத்திரை போட்டுவிட்டு இரவு ஷிப்டில் பட்டினி கிடந்து, கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், உடனே சர்க்கரை தின்ன வேண்டும். அந்த நேரத்தில் அதுதான் மருந்து.

சரி, தட்டின் மீதிப் பாதியை நிரப்பக் காசு எங்கே? இங்கேதான் சண்டை. 2013ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் எழுதப்பட்டிருக்கிறது. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023ல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க முடிந்தது. கேட்கிற எல்லா ஊர்க் கார்டுக்கும் கொடுக்க என்ன தடை? பருப்பை மூன்று கிலோவாக்க என்ன தடை? கோவில் வாசலில் நின்று கேட்கிற பிச்சையா இது?

ஆலைகளிலும் வேலை இருக்கிறது. 250 பேருக்கு மேல் உழைக்கும் இடத்தில் காண்டீனும், அதன் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதியும் 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தவை. கமிட்டியில் உட்காரும் தோழர்கள் வடை விலையை மட்டும் பேசிவிட்டு எழுந்து வரவேண்டாம். சுண்டல் எங்கே, கீரை எங்கே, இரவு ஷிப்டில் சாப்பிட அரைமணி எங்கே என்று கேளுங்கள்!