வேலைக்குப் போகும் தாயும் வினவப்படாத தந்தையும்

பொங்கலோ தீபாவளியோ வந்துவிட்டால், தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களில் ஒரு தலைப்பு தவறாமல் தலைகாட்டுகிறது. தாய் வேலைக்குச் செல்வதால் பிள்ளைகள் செம்மையுறுகிறார்களா, சீரழிகிறார்களா என்பதே அது. இரு அணியினரும் முழங்குவர். நடுவர் இருபுறமும் தட்டிக்கொடுத்து, பொருளும் வேண்டும், பாசமும் வேண்டும் என்று தீர்ப்புரைத்து விடைபெறுவார். தந்தை வேலைக்குச் செல்வதால் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்றொரு பட்டிமன்றம் நடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இத்தலைப்பில் வரும் தாய் யார் என்பதையும் சற்று உற்றுநோக்க வேண்டும். அவள் கைப்பையுடன் வங்கிக்கோ கணினி நிறுவனத்துக்கோ செல்பவள். நாற்று நடப் போகிறவளும், சித்தாள் வேலைக்குப் போகிறவளும், விடியுமுன் பூச்சந்தைக்கு ஓடுகிறவளும் அவ்விவாதத்தில் இடம்பெறுவதில்லை. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கையில் ஆண்டுதோறும் நாம் காண்பது ஒன்றுண்டு. தாயின் தொழில் என்னுமிடத்தில் மாணவர் பலர் 'இல்லத்தரசி' என்று எழுதியிருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால், அந்த அம்மா களையெடுக்கப் போகிறார், செங்கல் சூளைக்குப் போகிறார் என்பது மெல்லத் தெரியவரும். கூலிக்குச் செல்வது வேலையாகக் கருதப்படவில்லை. மாதச் சம்பளம் வந்தால்தான் 'வேலைக்குப் போகும் தாய்' பிறக்கிறாள். அவள்மீதான குற்றச்சாட்டும் உடன் பிறக்கிறது.

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இது விந்தையாகவே தோன்றும். அங்கே நூல் நூற்ற பருத்திப் பெண்டிர் உண்டு. உப்பு விற்ற உமணப் பெண்டிர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் மோர் விற்றுச் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய் விற்ற விலைக்குப் பொன்னை வேண்டாமல் எருமையும் பசுவும் கேட்டு வாங்குகிறாள். என்ன ஒரு கணக்கு! இவள் வெளியே போனதால் பிள்ளை கெட்டது என்று அப்புலவர் கவலைப்படவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார், பெற்று வளர்ப்பதைத் தாய்க்கும், சான்றோனாக்குவதைத் தந்தைக்கும், வேல் வடித்துத் தருவதைக் கொல்லனுக்கும் பகிர்ந்தளித்துவிட்டு, வேந்தனுக்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறார். அது போர்க்களத்துக்கு மகனை ஆயத்தம் செய்யும் பாட்டு. இன்றைக்கு அப்படியே கொள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒரு பிள்ளையை உருவாக்குவதை ஊரே சுமக்கிறது என்னும் தெளிவு அதில் இருக்கிறது. மேடைகளிலோ தாயின் பங்கைச் சொன்ன அளவில் பாட்டை நிறுத்திக்கொள்ளும் பேச்சாளர்களைத்தான் நாம் மிகுதியும் கேட்டிருக்கிறோம்.

தாய் வேலைக்குச் செல்வதால் குழந்தைக்கு யாதொரு இழப்பும் இல்லை என்று வாதிடுவது நம் நோக்கமன்று. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவம் வற்புறுத்துகிறது. 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டபோது ஏறத்தாழ அந்த ஆறு மாதத்துக்கு வழி பிறந்தது. தமிழக அரசு 2021இல் தன் ஊழியர்களுக்கு அதனை ஓராண்டாக்கியது. கட்டட வேலை செய்யும் பெண்ணுக்கு இவற்றுள் எது கிட்டியது? அவள் வேலையிடத்து மரக்கிளையில் தூளி கட்டுகிறாள். தூளியை ஆட்டுவது யார்? எட்டோ ஒன்பதோ வயதான அக்காள். பள்ளி வருகைப் பதிவேட்டில் அச்சிறுமியின் பெயருக்கு நேரே விழும் வெற்றிடங்கள்தாம் இவ்விவாதத்தின் நடுவில் இருக்க வேண்டியவை. தாயின் இடம் காலியானால் அதனை நிரப்ப மற்றொரு பெண்ணையே, அவள் குழந்தையாயினும், நாம் தேடுகிறோம்.

காப்பகம் என்னும் எண்ணம் சட்டத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் மிகுதியாகப் பணியாற்றும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்கப் பணித்தன. 2017இன் திருத்தம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு அதனை விதித்து, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணவும் உரிமை தந்தது. ஐம்பதுக்குக் குறைந்த இடங்களில் பணிபுரியும் தாய்க்கு அதிலும் இடமில்லை. நம் பெண்களுள் பெரும்பாலார் அத்தகைய இடங்களிலும் வயல்களிலும்தாம் உழைக்கிறார்கள். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நாம் மனமாரப் பாராட்டுவதும் இதனால்தான். விடியலில் வேலைக்குக் கிளம்பும் தாயைக் குற்றம் சொல்லாமல், பிள்ளையின் தட்டில் உப்புமாவை வைத்தது அது.

தந்தையிடம் வருவோம். 2019இல் மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் ஈடுபட்ட ஆண்களின் கணக்கே; ஈடுபடாதவர்களைச் சேர்த்தால் என்னவாகும் என்பதை வாசக அன்பர்கள் தம் வீட்டிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். மைய அரசு 2008இல் தன் பெண் ஊழியர்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள்களை அளித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018இல், ஆண்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் எந்த ஆண்களுக்கு? மனைவியை இழந்தவர்க்கும், மணவிலக்குப் பெற்றவர்க்கும், மணமாகாது பிள்ளை வளர்ப்பவர்க்கும் மட்டும். மனைவி உடனிருக்கும் வரையில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அருகே இருக்க ஒரு தந்தை அவ்விடுப்பைக் கேட்கவே இயலாதபடி அந்த ஆணை எழுதப்பட்டது.