பூட்டு வாங்குறதுக்கு முன்னாடி கதவை எண்ணுங்க

ஏற்காட்டுல ஒரு தங்கும் விடுதி. பேரு வேணாம். நெட்வொர்க்கைக் கொஞ்சம் பாருங்கன்னு கூப்பிட்டாங்க, போனேன். முதலாளி மேசையில பளபளன்னு ஒரு கொட்டேஷன். ஆயிரம் ஐபி வரைக்கும் ஸ்கேன் பண்ணுற மென்பொருளாம், வருஷச் சந்தாவாம். "உங்ககிட்ட மொத்தம் எத்தனை பெட்டி இருக்குங்க?"ன்னு கேட்டேன். "ஒரு இருபது இருக்கும்"னார். அவர் அனுமதியோட என்மேப்பை ஓட்டினேன். நாற்பத்தியொண்ணு பதில் சொல்லுச்சு!

அதுல ஒண்ணு சிசிடிவி டிவிஆர். கடையில இருந்து வந்தப்ப என்ன பாஸ்வேர்டோ, அதேதான் இன்னமும். பில்லிங் கம்ப்யூட்டரும் விருந்தாளிங்க வைஃபையும் ஒரே வலையில. மலையில இடி இடிச்சு சுவிட்ச் புகைஞ்சா, அவசரத்துக்கு சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி புதுசு வரும். மாட்டினதோட சரி, யாரும் எங்கேயும் எழுதி வைக்கிறதில்லை.

என் கட்சி இதுதான்: ஸ்கேனரோட விலைக்கும் உங்க பாதுகாப்புக்கும் சம்பந்தம் கிடையாது. என்ன இருக்குன்னே தெரியாதவனுக்கு எந்த ஸ்கேனரும் தண்டம்.

பெரிய இடத்துக் கதையையே பாருங்க. 2019 அக்டோபர் 29-ல கூடங்குளத்துல சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லைன்னாங்க. மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மைதான்னு ஒத்துக்கிச்சு. அலுவலக வேலைக்கான, இணையத்தோட சேர்ந்த வலையில இருந்த ஒரு கணினியாம். அணு உலைப் பக்கத்து வலை தனியா இருந்ததால அங்க பாதிப்பு இல்லைன்னு சொன்னாங்க. கவனிங்க, அவங்க சொன்ன சமாதானமே வலையைப் பிரிச்சு வெச்சதுதான்!

அப்போ எதைத்தான் வாங்குறது? முதல்ல எதையும் வாங்காதீங்க. 1997-ல வந்த என்மேப் இன்னிக்கும் காசில்லாம கிடைக்குது. கட்டளை அடிக்கப் பயமா இருந்தா ஸென்மேப் இருக்கு. மாசம் ஒரு தடவை ஓட்டி, போன மாசத்தோட ஒப்பிடுங்க. அதுக்கு என்டிஃப் கூடவே வருது. அப்புறம் விருந்தாளி வைஃபையில உக்காந்து அதையே ஓட்டுங்க. பில்லிங் கம்ப்யூட்டர் பதில் சொல்லுச்சுன்னா நீங்க ஃபெயில்.

அடுத்த கட்டம், ஓட்டைகளைத் தேடுறது. 2005-ல நெஸ்ஸஸ் தன் மூலநிரலை மூடினப்ப, பழைய திறந்த பதிப்புல இருந்து கிளை பிரிஞ்சதுதான் ஓப்பன்வாஸ். சின்ன இடத்துக்கு இது போதும்.

"இலவசத்துக்கு சப்போர்ட் யாரு தருவா?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். பத்து கிளை, வருஷாவருஷம் ஆடிட், அறிக்கையைப் படிக்கத் தனியா ஒரு ஆள், இதெல்லாம் இருந்தா காசு கொடுத்தே வாங்குங்க. ஆனா அறுபது பக்க அறிக்கையை பீரோவுல வெச்சுப் பூட்டறதுக்கு எதுக்குங்க சந்தா? அந்தக் காசுல வலையைப் பிரிக்கத் தெரிஞ்ச சுவிட்ச் ஒண்ணு வாங்கிடலாமே!

விடுதிக்காரர் கொட்டேஷனை மடிச்சு வெச்சுட்டு, டிவிஆர் பாஸ்வேர்டை மாத்தச் சொன்னார். அன்னிக்குச் செலவு ஒரு டீ.

டிஸ்கி 1: அடுத்தவங்க வலையை அனுமதி இல்லாம ஸ்கேன் பண்ணாதீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ஐ ஒருமுறை படிச்சுப் பாருங்க.

டிஸ்கி 2: கண்டதையும் அனுப்பினா சில பிரிண்டர்கள் அதையும் அச்சடிச்சுத் தள்ளும். அதனாலதான் என்மேப் வெர்ஷன் பார்க்கும்போது 9100-ஆம் போர்ட்டைத் தானாவே விட்டுடுது. வாங்கப்போற கருவிக்கு அந்த அறிவு இருக்கான்னு கேட்டுக்குங்க :-)